குறைந்த செலவில் பழைய மோட்டார் சைக்கிள் திருத்துவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கராச் வைத்திருப்பவன் அல்ல. பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் பழைய ஹொண்டாக்களைக் கழற்றிப் பூட்டுபவன். வாசலில் பாதி கழற்றிய பைக் ஒன்று நின்றால் போகிறவர், வருகிறவர் எல்லாரும் நின்று கேட்கிறார்கள். சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். ஆகவே கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில்களைப் போட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

அண்ணா, அப்பாட ஹொண்டா சிடி 125 பத்து வருசமா மாமரத்துக்குக் கீழ நிக்குது. திருத்துறது பிரயோசனமோ, இல்லாட்டி வித்துப்போட்டு வேற எடுக்கிறதோ?

மூன்று விடயம் சரியாக இருந்தால் திருத்துங்கள். பதிவுப் புத்தகம் குடும்பத்தில் ஒருவரின் பெயரில் இருக்க வேண்டும், பிரேம் இத்துப்போயிருக்கக் கூடாது, எஞ்சினின் வெளி உறை வெடித்திருக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் இன்றைக்கோ நாளைக்கோ தேடி வாங்கலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் செலவு கைமீறிப் போகும்.

லாபத்துக்காகத் திருத்துவதென்றால் வேண்டாம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் ஓடுகிற பழைய பைக்குகளின் விலை ஏறியது உண்மைதான். ஆனால் ஓடாத ஒன்றை ஓட வைக்க ஆகும் செலவையும் உங்கள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் விற்கும் விலையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அப்பாவின் பைக் என்பதற்காகத் திருத்துகிறீர்களா, அது போதுமான காரணம்.

வாங்குறதெண்டா எதை வாங்கலாம்? சாமான் லேசாக் கிடைக்கிறது எது?

முதல் தடவை கை வைப்பவருக்கு ஹொண்டா கப் குடும்பம்: சி 50, சி 70, சி 90. கிடையாகப் படுத்திருக்கும் அந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைப் பார்த்துச் சீனாவில் ஏராளமான நிறுவனங்கள் செய்ததால் ரிங், கஸ்கெட், காபரேற்றர் எல்லாம் இன்றும் கிடைக்கும். எம்டி 90, சிடி 90 இரண்டும் அடுத்த தெரிவு. எம்டி 90 ஜப்பானில் தபால்காரர் ஓடிய பைக், சுமை தாங்கும்.

சிடி 125 அருமையான பைக், ஆனால் இரட்டைச் சிலிண்டர். பிஸ்டன் இரண்டு, ரிங் செற் இரண்டு, பிளக் இரண்டு. எஞ்சின் வேலை வந்தால் பல சாமான்களுக்கு இரட்டைக் காசு. இதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். டூ ஸ்ரோக்கில் சுசுகி ஏ 100 போன்றவை கழற்ற எளிது, புகைப் பரிசோதனையில்தான் மல்லுக்கட்டு.

புத்தகம் இல்லையாம், நம்பர் பிளேட் மட்டும் இருக்காம். நல்ல மலிவு. எடுக்கட்டா?

வேண்டாம். புத்தகம் இல்லாத பைக்கை வாங்குவது சாமானுக்காக உடைக்கத்தான். அதிலும் திருட்டு வண்டி இல்லையென்று உறுதி தெரிந்தால் மட்டும். சண்டைக் காலத்திலும் 2004 சுனாமியிலும் புத்தகம் தொலைந்தது என்ற கதை எங்கள் பக்கத்தில் பல தடவை உண்மையாகவே இருக்கும். உண்மையென்றால் பதிவு உரிமையாளரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதி எடுத்துத் தரட்டும். எடுத்த பிறகு காசு கொடுங்கள்.

இன்னொரு பொறி ‘ஓப்பின் பேப்பர்’. உரிமை மாற்றும் படிவத்தில் விற்றவரின் கையெழுத்து மட்டும் இருக்கும், வாங்குபவரின் இடம் வெறுமையாகக் கிடக்கும். அப்படியே அது நாலைந்து கை மாறி உங்களிடம் வரும். புத்தகத்தில் பெயர் உள்ளவர் கனடாவில் இருப்பார், அல்லது காலமாகியிருப்பார். வாங்கிய கையோடு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதற்கு முன்னால் புத்தகத்தில் உள்ள எஞ்சின், செசி இலக்கங்களை பைக்கில் உள்ளதோடு உங்கள் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். துரு மறைத்தால் மண்ணெண்ணெயும் துணியும் போட்டுத் துடையுங்கள். அரத்தால் ராவியோ அரத்தாளால் தேய்த்தோ பார்க்காதீர்கள், இலக்கத்தை அழிக்கப் பார்த்தது போல் ஆகிவிடும். வருட வரிப்பத்திரம் எத்தனை வருட நிலுவை என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, அந்தக் காசையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

மொத்தமா எவ்வளவு முடியும்?

தொகை சொல்ல மாட்டேன். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போனபோது, அதற்கு முந்தின மாதம் எழுதிய சாமான் பட்டியல் எல்லாம் குப்பையானது. பங்கு மட்டும் சொல்கிறேன். கையில் உள்ள காசில் பாதி எஞ்சினுக்கும் பிரேக்குக்கும். கால் பங்கு ரயர், செயின், வயரிங், பற்றரி. மிச்சத்தில்தான் பெயின்ற், சீற், அலங்காரம். அந்தக் கடைசிக் கால் பங்கிலும் கொஞ்சத்தைத் தொடாமல் வைத்திருங்கள், எஞ்சினைத் திறந்த பிறகு எப்படியும் ஒன்று கிளம்பும்.

பாதியில் நின்றுபோய், மினுங்குகிற தாங்கியோடு வேலிக்குள் கிடக்கும் பைக்குகளை ஊரில் நிறையப் பார்க்கலாம். காசு முதலில் பெயின்றுக்குப் போனதால் நின்றவைதான் அதில் அதிகம்.

எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டிப்போட்டுத் தொடங்குறதுதானே நல்லம்?

இல்லை. முதலில் இருக்கிற கோலத்திலேயே ஓட வையுங்கள். ஊத்தையாக, துருவோடு, சீற் கிழிந்தபடி ஒழுங்கைக்குள் ஒரு சுற்று ஓடட்டும். கியர் நழுவுகிறதா, கிளச் பிடிக்கிறதா, எந்தப் பக்கம் புகைக்கிறது என்பதெல்லாம் ஓடினால்தான் தெரியும். கழற்றிப் பெட்டியில் போட்ட எஞ்சின் எதையும் சொல்லாது. அப்புறம் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றுங்கள். முன்பக்கம் முடிந்து பூட்டிய பிறகு பின்பக்கம்.

கழற்றும் போது ஒரு சின்ன விடயம் பெரிய காசை மிச்சம் பிடிக்கும். ஜப்பான் எஞ்சின் உறையில் உள்ள ஸ்குரூக்களின் தலை பிலிப்ஸ் மாதிரித் தெரியும், ஆனால் அது ஜப்பானிய அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் சரியாக உட்காராது, திருகினால் தலை வழுகிப் போகும். ஜப்பானிய அளவு டிரைவர் ஒன்று வாங்குங்கள், இறுகியதற்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பக்ட் டிரைவர் பாவியுங்கள். ஒவ்வொரு பகுதியையும் கழற்ற முன் கைபேசியில் படம் எடுங்கள். நட்டுகளை யோகட் கோப்பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

கிக் இறங்குதே இல்லை. எஞ்சின் சீஸ் எண்டு கராச்சில சொல்லுறாங்க. போச்சா?

பல தடவை போகவில்லை. வருடக் கணக்கில் நின்ற எஞ்சினில் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, ஓட்டோமற்றிக் கார்களுக்கு விடும் கியர் ஓயிலும் மண்ணெண்ணெயும் கலந்து கொஞ்சம் உள்ளே விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். அப்புறம் கியரில் போட்டுப் பின்சில்லை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். கிக்கில் ஏறி மிதிக்க வேண்டாம், கிக் தண்டின் பல்லு போனால் அது வேறு செலவு.

இளகிய பிறகும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கிடந்த ஓயிலை வடித்துப் புது ஓயில் விட்டு, பிளக் இல்லாமல் பல தரம் கிக் அடித்து ஊறவிட்டதை வெளியேற்றுங்கள். கார் ஓயில் விட வேண்டாம். இந்த பைக்குகளில் கிளச் ஓயிலுக்குள்ளேயே ஓடுவதால் பேணியில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளச் வழுக்கும்.

சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகுதில்லை. காபரேற்றரை மாத்தச் சொல்லுறாங்க.

மாற்ற முன் மூன்றைப் பாருங்கள்: நெருப்பு (பிளக்கின் ஸ்பார்க்), பெற்றோல், அமுக்கம் (கொம்பிரஷன்). பிளக்கைக் கழற்றித் தொப்பிக்குள் செருகி, அதன் உலோகத்தை எஞ்சினில் தொட வைத்து, பெற்றோல் வாசம் இல்லாத இடத்தில் கிக் அடித்துப் பாருங்கள். நெருப்பு இல்லையா, பழைய பைக்கில் முதல் சந்தேகம் பொயின்ற், அதாவது நெருப்பு பிறக்கத் திறந்து மூடும் தொடுமுனை. அதன் முகத்தில் அழுக்குப் படிந்திருக்கும். மெல்லிய அரத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் வையுங்கள். துப்புரவாக்கிய பொயின்ற் கொஞ்ச நாளிலேயே திரும்பக் கருகினால் கொண்டென்சர் செத்துவிட்டது.

நெருப்பு இருந்தும் ஓடாவிட்டால் காபரேற்றரில் பைலட் ஜெற் அடைத்திருக்கும். மயிரளவு துளை அது. பழைய பெற்றோல் பசையாகி அதில்தான் முதலில் நிற்கும். ஊசி, கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்துவிடும், காபரேற்றர் துப்புரவாக்கும் ஸ்பிறே அடித்து ஊதுங்கள். ஜப்பான் காபரேற்றரைத் தூக்கிப்போட்டு மலிவான சீனக் காபரேற்றர் பூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பழையதில் கிற் மாற்றினால் பெரும்பாலும் போதும்.

சிடி 125காரருக்கு ஒன்று. ஒரு பிளக் செத்தாலும் அது நொண்டியபடி ஓடும். ஸ்டார்ட் பண்ணிச் சற்று நேரத்தில் இரண்டு சைலன்சரிலும் தண்ணீர் தெளியுங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் காயாமல் நிற்கிறதோ அந்தப் பக்கச் சிலிண்டர் வேலை செய்யவில்லை.

தாங்கிக்குள்ள முழுக்கத் துரு. புதுத் தாங்கி கிடைக்காதாமே?

ஓட்டை விழாத தாங்கியென்றால் வினாகிரி போதும். பெற்றோல் குழாயையும் மிதவைக் கம்பியையும் கழற்றித் துளைகளை அடைத்து, வாய் வரை வினாகிரி நிரப்பி இரண்டு மூன்று நாள் விடுங்கள். இடையிடையே பழைய செயின் துண்டொன்றை உள்ளே விட்டுக் குலுக்குங்கள். நட்டுகள் போட்டால் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கும், செயினை இழுத்து எடுத்துவிடலாம். வடித்ததும் சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் கழுவி, நடு வெயிலில் காய வையுங்கள். காய்ந்த கையோடு பெற்றோலில் கொஞ்சம் டூ ஸ்ரோக் ஓயில் கலந்து உள்ளே விட்டுச் சுழற்ற வேண்டும். எங்கள் காற்றுக்கு ஒரு இரவு வெறுமையாக விட்டாலே திரும்பச் செம்மை படரும்.

அடியில் ஊசித்துளை இருந்தால் ரேடியேற்றர் ஒட்டுபவரிடம் பித்தளை வைத்து ஒட்டலாம். வெறும் தாங்கி ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். பெற்றோல் நிறைந்த தாங்கியை விட ஆவி நிறைந்த வெறும் தாங்கிதான் வெடிக்கும். பல தரம் கழுவி, ஒட்டும் இடம் தவிர மிச்சத்துக்குத் தண்ணீர் நிரப்பித்தான் நெருப்பு வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் தாங்கியைக் கொடுக்காதீர்கள்.

கொழும்பில இருக்கிற பைக் புதுசு மாதிரி இருக்கு, எங்கட பைக் ரெண்டு வருசத்தில இத்துப்போகுது. ஏன்?

கொழும்பிலும் கடல் இருக்கிறது. ஆனால் திருகோணமலைப் பட்டினம் உள்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே நீட்டி நிற்கிறது. டச்சுக்குடா, உட்துறைமுக வீதி, உப்புவெளி, நிலாவெளி என்று எங்கே நிறுத்தினாலும் காற்றில் உப்பு. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்து வைக்கும், மழை குறைந்த கச்சான் காற்றுக் காலத்திலும் துரு ஓடுவது அதனால்தான். வைகாசி தொடங்கி மாதக் கணக்கில் வெயில், மழை குறைவு. கழுவி விட மழை போதாமல் உப்பு படிந்துகொண்டே போகும். மாரி வந்ததும் அந்தப் படிவு முழுக்க ஈரமாகும்.

வெளியே தெரியும் துரு பயமில்லை. பயம் பிரேம் குழாய்க்குள். சீற்றின் கீழால் இறங்கும் தண்ணீர் வடிய அடியில் சிறு துளைகள் இருக்கும், மண் அடைத்து அவை மூடிப்போகும். கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள். பிறகு ஒரு ஸ்குரூ டிரைவர்ப் பிடியால் பிரேமையும் பின்சில்லைத் தாங்கும் கையையும் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்ற சத்தம் மங்கும் இடத்தில் உள்ளே தின்றிருக்கிறது. சில்லுக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள், தளர்ந்ததும் துருப்பிடித்ததும் தனியாகக் கேட்கும்.

கழுவுவது கிழமைக்கு ஒரு தடவையாவது, நல்ல தண்ணீரில். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் பல உவர், அதில் கழுவினால் உப்பைத் திரும்பப் பூசுவதுதான். குழாய்த் தண்ணீர் ஒரு வாளி போதும். கழிவு ஓயிலும் டீசலும் கலந்து அடியில் விசிறும் பழக்கத்தை விடுங்கள். ரப்பர் ஊதிப்போகும், பிரேக்கில் பட்டால் ஆபத்து. மெழுகு அல்லது கிறீஸ் மெல்லிய படையாகப் பூசுங்கள். துருப்பிடிக்காத நட்டு என்று எல்லா இடமும் ஸ்டெயின்லெஸ் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்: எஞ்சினின் அலுமினியத்துக்குள் அதை வெறுமையாகத் திருகினால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் அரித்து, நட்டு இறுகிப்போகும். புரியில் செப்புக் கிறீஸ் தடவிப் பூட்டுங்கள்.

நானா, இது கிண்ணியாவில சுனாமித் தண்ணி குடிச்ச பைக். எஞ்சினைத் திறக்காம ஓட்டலாமா?

திறக்க வேண்டும். கடல் தண்ணீர் போன எஞ்சினில் கிராங்கின் பேரிங்குகள் குழி விழுந்திருக்கும், ஸ்டார்ட் ஆனாலும் அதிக தூரம் போகாது. ஓயிலை வடித்துப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தாலும், அடியில் வெள்ளைத் தூள் நின்றாலும் பேரிங், சீல் எல்லாம் மாற்றும் கணக்கோடு தொடங்குங்கள். வயரிங்கைத் திருத்துவதில் நேரம் போக்காமல் முழுக்கப் புதிதாக இழுப்பது மலிவு. வயரின் ரப்பருக்குள்ளே செம்பு பச்சையாகிக் கிடக்கும்.

வன்னியில இருந்து வந்த பைக் எண்டா எடுக்க வேண்டாம் எண்டுறாங்களே, உண்மையோ?

சண்டைக் காலத்தில் பெற்றோல் தடை இருந்தபோது வன்னி உட்பட வடக்கில் பைக்குகளைக் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் ரிங் வழியே கீழிறங்கி ஓயிலை நீர்க்கச் செய்யும், சிலிண்டர் தலையில் கரி கட்டும். ஆனால் அது எத்தனையோ வருடத்துக்கு முந்தின கதை. இடையில் ஒரு தடவை சிலிண்டரைக் கடைந்து (போர் பண்ணி) ரிங் மாற்றியிருந்தால் அந்தப் பழைய காயம் இப்போது இல்லை. ஊரைப் பார்த்து ஒதுக்காதீர்கள், அமுக்கத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஒரிஜினல் சாமான் வேணுமெண்டா பஞ்சிகாவத்தைக்குத்தான் போகோணுமா?

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தை வரை எல்லாவற்றுக்கும் போக வேண்டாம். ரிங், கேபிள், பிரேக் சூ, பேரிங், செயின் செற் திருகோணமலையிலேயே எடுக்கலாம். பேரிங்கில் இலக்கம் பொறித்திருக்கும், அந்த இலக்கத்தைச் சொன்னால் பைக் சாமான் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பாவித்த ஜப்பான் உறை, கியர், மீற்றர், விளக்கு வளையம் போன்றவைக்கு மட்டும் பட்டியல் போட்டு ஒரே தடவையில் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். இரவில் புறப்பட்டால் விடியக் கொழும்பில் இறங்கலாம். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். படம் காட்டி வாங்கியது பூட்டும் போது ஒரு நூல் கூடும், குறையும்.

6 வோல்ட்டை 12 ஆக்கி எல்ஈடி பல்ப் போட்டா வெளிச்சம் வருமா?

பற்றரியையும் பல்பையும் மட்டும் மாற்றினால் வராது. உள்ளே இருக்கும் கொயில் 12 வோல்ட் பற்றரியை நிரப்பும் அளவுக்குச் சுற்றப்படவில்லை. கொயிலைத் திரும்பச் சுற்ற வேண்டும், ரெகுலேற்றர் போட வேண்டும், ஹோர்ன், பிளாஷர், பல்ப் அத்தனையும் மாற வேண்டும். பல பழைய பைக்குகளில் முன்விளக்கு பற்றரியில் எரிவதில்லை, கொயிலிலிருந்து வரும் ஏசி மின்னில் நேரே எரியும். எஞ்சின் மெதுவானால் விளக்கு மங்குவது அதனால்தான். அதில் சாதாரண எல்ஈடி போட்டால் மினுக் மினுக்கென்று துடித்துச் சீக்கிரம் சாகும்.

பட்டினத்துக்குள் மட்டும் ஓடுகிறவர் 6 வோல்ட்டை விட்டுவிட்டு எர்த் இணைப்புகளைத் துப்புரவாக்கினாலே வெளிச்சம் தெளியும். இரவில் கந்தளாய், ஹபரணைப் பக்கம் போகிறவர் முழு மாற்றத்தையும் செய்யுங்கள். அந்த வீதியில் யானை கடக்கும், அதன் கறுப்பு உடம்பு மங்கல் வெளிச்சத்தில் கிட்டப் போகும் வரை தெரியாது.

பெயின்ற் வீட்டிலயே அடிக்கலாமா? எந்த மாசம் நல்லம்?

பங்குனி, சித்திரை. மாரியில் அடித்தால் காற்றின் ஈரம் பிடித்துப் பெயின்ற் பால்போல் வெளிறும். கச்சானில் அடித்தால் புழுதி ஒட்டும், வேறு வழியில்லை என்றால் காற்றெழும்ப முன் விடியற்காலையில் அடியுங்கள். மினுக்கம் முக்கால்வாசி அடித்தளத்தில்தான்: துருவைச் சுரண்டி, பிறைமர் அடித்து, தண்ணீர்த் தாளால் தேய்ப்பது. ஹாட்னர் கலக்கும் டூகே பெயின்ற் என்றால் சாதாரண துணி முகக்கவசம் போதாது, அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். அதை ஸ்பிறே கூடம் உள்ளவரிடம் கொடுங்கள்.

நிறம் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. சிவப்பை நீலமாக்கினால் திணைக்களத்தில் அறிவித்துப் புத்தகத்தையும் மாற்ற வேண்டும். செலவு குறைய வேண்டுமென்றால் புத்தகத்தில் உள்ள நிறத்திலேயே அடியுங்கள்.

கபே ரேசர் மாதிரி பின்பக்கப் பிரேமை வெட்டி, சைலன்சரையும் கட்டையாக்கலாமா?

கபே ரேசர் என்ற பழைய ரேஸ் பைக் கோலத்துக்கு, வெட்டாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். தாழ்ந்த ஹான்டில், ஒற்றை மேட்டுச் சீற், சின்ன இண்டிகேற்றர், கட்டை மட்காட் எல்லாம் நட்டில் பூட்டலாம், கழற்றலாம். அழகு பாதி அங்கேயே வந்துவிடும். பிரேமை வெட்டினால் பின் சொக்ஸ் பூட்டும் இடத்தின் பலம் போகும், அங்கேயே மேலே சொன்ன உள்துருவும் இருந்தால் வெல்டிங் பிடிக்கவும் மாட்டாது. புத்தகத்தில் இரண்டு பேர் சீற் என்று இருக்கும் பைக்கை ஒற்றையாக்கி வைத்தால் விற்கும் போதும் கேள்வி வரும்.

சைலன்சர் வேண்டாம். பொலிஸ் பிடிப்பது ஒரு பக்கம், புகை போகும் வழியின் அமுக்கம் மாறினால் காபரேற்றர் ஜெற்றும் மாற்ற வேண்டி வரும். டூ ஸ்ரோக்கில் நீளத்தை வெட்டினால் இழுவையே போய்விடும். சத்தம் கூடும், வேகம் குறையும், காசும் போகும். இதற்கு ஏன் இவ்வளவு பேர் ஆசைப்படுகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பழைய ரயர்ல பட்டன் நல்லா இருக்கு. அதையே விடட்டா?

பட்டனைப் பார்க்காமல் ரயரின் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. அவ்வளவு பழையது என்றால் ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது. மாற்றுங்கள்.

போர் பண்ணி புது பிஸ்டன் போட்டாச்சு. இப்பவே கொழும்புக்கு ஓடலாமா?

பொறுங்கள். முதல் 500 கிலோமீற்றர் வரை முழு அக்சிலேற்றர் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரமும் வேண்டாம். ரிங் சுவரில் படிய வேகம் ஏறி இறங்க வேண்டும். நிலாவெளி போய் வந்தால் ஏறக்குறைய 30 கிலோமீற்றர், தட்டையான வீதி, இதற்கு நல்ல ஓட்டம். திரும்பி வந்து எஞ்சின் ஆறிய பிறகு நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். முதல் ஓயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள், அதில் உலோகத் தூள் மினுங்குவது சாதாரணம். இரண்டாவது மாற்றத்திலும் மினுங்கினால் போர் பண்ணிய லேத் கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.

பெற்றோல் 92 போதும். அமுக்கம் குறைந்த இந்தப் பழைய எஞ்சின்களுக்கு 95 அடித்து ஒரு பலனுமில்லை, அந்தக் காசுக்கு நல்ல செயின் ஓயில் ஒன்று வாங்குங்கள்.